மன்றோவின் கோட்டும் உங்க பேக்கும்

புது பேக் வாங்கணும்னு ஆன்லைன்ல தேடிக்கிட்டு இருக்கீங்க. 45 லிட்டர், 17 பாக்கெட், யூஎஸ்பி போர்ட், கூடவே ஒரு ரெயின் கவர். விலையும் பரவாயில்லை. கிளாஸுக்கும் அதே பேக், ஊருக்குப் போற பஸ்ஸுக்கும் அதே பேக், ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலையோ தீர்த்தமலையோ ஏறவும் அதே பேக். ஆனா ரெண்டு செமஸ்டர்லயே தோள் வார் தையலோட பிரிஞ்சு கையில வந்துடுமோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயமும் இருக்கு.

பணம் கட்டறதுக்கு முன்னாடி, இதே தர்மபுரி மண்ணில் ஏழு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிய ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்க. சென்னையில் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலையைப் பார்த்திருப்பீங்க. அவர்தான் சர் தாமஸ் மன்றோ. கவர்னராக முடிந்த வாழ்க்கை அவருடையது. ஆனால் நமக்கு வேண்டிய ஆள் அந்த கவர்னர் இல்லை; தலையணைகூட இல்லாமல் படுத்துக் கிடந்த அந்தப் பையன்.

1761 மே 27-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தார். அப்பா அமெரிக்காவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். பையன் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தான். கணக்கும் வேதியியலும் நன்றாக வந்தன. (நம்ம ஆளுதான்.) சின்ன வயதில் வந்த அம்மையால் காது கொஞ்சம் மந்தம். அமெரிக்க சுதந்திரப் போர் மூண்டதும் அப்பாவின் வியாபாரம் படுத்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேடட் வேலை கிடைத்து, 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். வயது 18.

இறங்கியதுமே ஒரு பாடம். பார்க்க மரியாதையாகத் தெரிந்த ஒரு வயதானவர் வேலைக்காரராக வந்து சேர்ந்தார். ஊரிலிருந்து கொண்டு வந்த துணியெல்லாம் இந்த வெயிலுக்கு ஆகாது, கொடுங்க, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று நம்ப வைத்தார். மன்றோ துணிகளையும் கொடுத்தார், சாமான் வாங்கக் கையிலிருந்த பணத்தில் கொஞ்சமும் கொடுத்தார். போனவர் போனவர்தான். நாலு நல்ல துணி வாங்கும் அளவுக்குப் பணம் சேர்க்கவே மன்றோவுக்குப் பல மாதங்கள் ஆயின. ஆக, இந்தியாவில் அவருடைய பயண மூட்டை கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததிலிருந்துதான் தொடங்கியது.

அதே வருஷம் ஹைதர் அலி கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. மன்றோ இருந்த பெரிய படை அங்கே போய்ச் சேரவே இல்லை. செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கியது. அதற்குப் பிறகு பல வருஷம் நடை, முகாம், மறுபடி நடை.

1789-ல் தன் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் காலத்தைச் சிரிப்பும் கசப்புமாகச் சொல்லியிருக்கிறார். மூன்று வருஷம் தலைக்கு வைத்துக்கொண்டது ஒரு புத்தகம், இல்லாவிட்டால் தோட்டாப் பை. கட்டில் என்பது நாலு குச்சியில் இழுத்துக் கட்டிய கித்தான். ஊரிலிருந்து கொண்டு வந்த கனமான ஓவர்கோட் ஒன்று மிச்சம் இருந்தது. குளிர் வந்தால் அதன் இரண்டு கைகளுக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, கீழ்ப்பகுதியை இழுத்துத் தலைக்கு மேல் போர்த்திக்கொள்வார். ஸ்லீப்பிங் பேக் என்ற சொல் இன்னும் புழக்கத்துக்கு வராத காலத்தில் இவர் அதற்குள் படுத்துத் தூங்கியிருக்கிறார்!

இப்ப உங்க ஸ்க்ரீனில் இருக்கும் அந்த 17 பாக்கெட்டைப் பாருங்க. மன்றோவின் தோட்டாப் பை தலையணையாகவும் இருந்தது. கோட்டு போர்வையாகவும் இருந்தது. ரெண்டுமே முரட்டுப் புழக்கத்துக்குத் தைத்தவை. அதனால்தான் ரெண்டு வேலைக்கும் தாங்கின. பாக்கெட் கூடக் கூட ஜிப் கூடும், தையல் கூடும், பிரியும் இடமும் கூடும். ஒரு பெரிய அறை, லேப்டாப்புக்கு முதுகுப் பக்கம் ஒரு தடுப்பு, முன்னால் ஒரு சின்ன அறை, ரெண்டு பக்கமும் தண்ணி பாட்டிலுக்கு இடம். தினசரிக்கும் ஒரு நாள் மலை ஏற்றத்துக்கும் இதுவே தாராளம். அளவு 20-லிருந்து 28 லிட்டருக்குள் போதும். 45 லிட்டர் வாங்கினா 45 லிட்டரையும் ரொப்புவீங்க, வேற ஒண்ணும் நடக்காது. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ.

மன்றோவிடம் வருவோம். கையில் காசில்லாத அந்த நாட்களிலேயே பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்தார். ஷேக்ஸ்பியரின் ஷைலாக் கதை மாதிரியே ஒன்றைப் பாரசீகக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் கண்டுபிடித்து மொழிபெயர்த்து அனுப்ப, அது லண்டனில் ஒரு ஷேக்ஸ்பியர் பதிப்பிலேயே அச்சானது. இந்த மொழி அறிவுதான் அவரைத் தர்மபுரிக்குக் கொண்டு வந்தது.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிதான் பாராமகால். வரி வசூலிக்க வழக்கமாக சிவில் அதிகாரிகளைத்தான் அனுப்புவார்கள். ஆனால் அவர்களுக்கு உள்ளூர் மொழி தெரியாது என்பதால் காரன்வாலிஸ் பட்டாளத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார். தலைவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவர் இருந்தது திருப்பத்தூரில். உதவியாளர்கள் மூன்று பேர்: மெக்லியாட், கிரகாம், மன்றோ. மன்றோவுக்குக் கிடைத்தது தர்மபுரி. 1799 வரை இங்கேதான்.

வேலை என்னவென்றால் ஒவ்வொரு ஊராகப் போக வேண்டும். எந்த வயல் யாருடையது, எவ்வளவு பரப்பு, என்ன மண், கிணறு உண்டா, என்ன விளைகிறது, எவ்வளவு வரி தாங்கும் என்று பார்க்க வேண்டும். கச்சேரியில் உட்கார்ந்து கர்ணம் நீட்டும் கணக்கை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ரீடும் மன்றோவும் அப்படிச் செய்யவில்லை. அளந்தார்கள், விவசாயிகளிடமே பேசினார்கள், காலையிலிருந்து இரவு வரை புகார் கேட்டார்கள். வீட்டில் இருந்ததைவிடக் கூடாரத்தில் இருந்ததே அதிகம். இடைத்தரகர் இல்லாமல் உழுகிறவன் நேராக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறை இந்த அலைச்சலில்தான் உருவானது. உங்க வீட்டு பீரோவில் தாத்தா பேர்ல ஒரு பட்டா இருந்தா, அதோட வேர் இந்தப் பக்கத்துப் புஞ்சைக் காட்டுலயும் கொஞ்சம் இருக்கு.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்தக் கூடாரத்தையும் பெட்டிகளையும் கலெக்டர் தன் முதுகில் சுமக்கவில்லை. காளைகளும் கூலியாட்களும் சுமந்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய அதிகாரி எங்கே போனாலும் அவருக்கு முன்னும் பின்னும் அடுத்தவர் தோள்கள் இருந்தன. இன்னொரு சுமை அதைவிடப் பெரிது. வயலை நேர்மையாக அளந்தாலும் போட்ட வரி கனமாகவே இருந்தது. மழையை நம்பிக் கேழ்வரகு போடும் ஊரில் அது என்ன பாடு படுத்தும் என்று நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மன்றோவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. பிற்பாடு பெல்லாரி, கடப்பா பக்கம் ஏழு வருஷம் கலெக்டராக இருந்துவிட்டு 1807-ல் கிளம்பும்போது, வரியில் 25 சதவீதம் குறையுங்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். மேலிடம் கேட்கவில்லை. பதின்மூன்று வருஷம் கழித்து அவரே கவர்னராக வந்த பிறகுதான் அது நடந்தது. நடுவில் அந்த வருஷங்களின் பாரத்தைத் தாங்கியவர்கள் பெயர் எந்தச் சிலையின் கீழும் இல்லை.

பாரம் எங்கே உட்காருகிறது என்பது பேக்குக்கும் முதல் கேள்வி. கடையில் வெறும் பேக்கை மாட்டிப் பார்த்து வாங்காதீங்க. நாலு கிலோ ஏதாவது உள்ளே போடச் சொல்லுங்க. உங்க லேப்டாப்பும் ரெண்டு பாட்டில் தண்ணியும் அவ்வளவுதான் வரும். மாட்டிக்கிட்டு கடையைச் சுத்தி நடங்க. பாரம் முதுகை ஒட்டி உயரமாக நிற்கணும்; பின்பக்கம் தொங்கினா தோள் முன்னால வளையும், மாலையில கழுத்து சொல்லும். அப்புறம் தோள் வார் துணியோட சேரும் மேல் முனையைத் திருப்பிப் பாருங்க. அங்கே நெருக்கமாக, குறுக்கும் நெடுக்குமாக அடித்த தையல் இருக்கணும். பார்டாக் என்பாங்க. ஒரே ஒரு வரி தையல் மட்டும் ஓடியிருந்தா அதை வெச்சிடுங்க. பேக் கிழியறது நடுத்துணியில இல்லை, இந்த மூட்டுலதான். ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன் படிச்சவங்களுக்கு நான் வேற சொல்லணுமா?

துணிக்கு டெனியர் என்று ஒரு எண் போட்டிருப்பாங்க. 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 1000 டெனியர் என்றால் 9 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ. நமக்கு 400-லிருந்து 600 வரை போதும். ஒரே எண் என்றால் பாலியெஸ்டரைவிட நைலான் தேய்மானம் தாங்கும். அதுக்கு மேல போனா உறுதி கூடும், பேக்கோட எடையும் கூடும். ஜிப்பில் பல் பெரிசா இருக்கணும், ரன்னர் உலோகமா இருக்கணும். ரன்னர் போனா பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்பு தைக்கிறவர் சின்னச் செலவில் மாத்திக் கொடுத்துடுவார். சரிபண்ண முடியற பேக்தான் ரொம்ப நாள் வரும். ரெயின் கவர் கூட வந்தாலும், ஐப்பசி மழைக்கு லேப்டாப்பை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுத்தி வைக்கறதுதான் நிச்சயம்.

1799-ல் திப்பு வீழ்ந்ததும் மன்றோவை கனரா கடற்கரைக்கு மாற்றினார்கள். அவருக்குப் போகவே மனசில்லை. தர்மபுரியில் பழமரங்கள் வைத்து ஒரு தோட்டம் வளர்த்திருந்தார். ஊரில் இருக்கும் நாளெல்லாம் அங்கே கொஞ்ச நேரமாவது கழிப்பார். கூடாரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம், தோட்டத்தை என்ன செய்வது? பாராமகாலை விட்டுப் போகும் வருத்தத்தை அவர் கடிதங்களில் காணலாம்.

அதன் பிறகு கதை வேகமாக ஓடும். கனரா, பிறகு பெல்லாரிப் பக்கம், 1807-ல் தாய்நாடு, 1814-ல் ஜேன் கேம்பெல்லுடன் கல்யாணம், திரும்ப இந்தியா, 1820-ல் சென்னை கவர்னர். பதவியை விட்டு ஊருக்குத் திரும்ப இருந்தவர், தான் முன்பு கலெக்டராக இருந்த பகுதியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரக் கிளம்பினார். அந்தப் பயணத்தில், கர்னூல் பக்கம் பத்திகொண்டாவில், 1827 ஜூலை 6-ல் காலராவில் இறந்துபோனார். கூத்தியில் புதைத்து, பிறகு எலும்புகளைச் சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

சிலையைச் செய்தவர் லண்டனின் பிரான்சிஸ் சாண்ட்ரி. 1839-ல் இங்கே நிறுவினார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நிமிர்ந்து பாருங்க. குதிரைக்குச் சேணமும் கிடையாது, கால் வைக்க அங்கவடியும் கிடையாது. சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பாதி வாழ்க்கையைப் பயணத்திலேயே கழித்த மனுஷர் கிட்டத்தட்ட 190 வருஷமாக ஒரு சாமானும் இல்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.