பேச்சுவார்த்தை மேசையும் பள்ளிச் சமையற்கூடமும்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், ஆரோவில்லைச் சுற்றியுள்ள சிற்றூர்களை அடையலாம். இவ்வழியில் உள்ள அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஆசிரியர் வருமுன்பே வந்துவிடுகிறவர்கள் சிலர் உண்டு. வளாகத்தைக் கூட்டிக் கழிப்பறையைக் கழுவுபவர், காலைச் சிற்றுண்டி சமைக்கும் மகளிர், அதன் பின்னர் சத்துணவுக் கூடத்தைத் திறக்கும் சமையலர், உதவியாளர் ஆகியோரே அவர்கள். இவர்களில் பலருடைய குடும்பத்தினர் உப்பளத்திலோ முந்திரித் தோப்பிலோ கூலி வேலை செய்பவர்கள். மழைக்காலத்தில் உப்பளம் மூழ்கிவிட்டால், பள்ளியில் கிடைக்கும் சிறு தொகையே வீட்டின் ஆதாரம். அத்தொகை ஊதியமா, மதிப்பூதியமா, தொகுப்பூதியமா என்ற கேள்வி வெளியே இருப்போருக்குச் சொல் விளையாட்டாகத் தோன்றலாம். அவர்களுக்கோ அது வாழ்வாதாரக் கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுவோர் இப்பகுதியின் வரலாற்றையே சற்றுத் திரும்பிப் பார்க்கலாம். ஆரோவில்லிலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள புதுச்சேரியில் வாழ்ந்து, தொழிலாளர்களை முதலாளிகளுக்கும் அரசுக்கும் எதிரே சமமாக அமரவைத்த ஒருவரின் வாழ்க்கை அதில் அடங்கியிருக்கிறது. அவர் வ. சுப்பையா.

1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி புதுச்சேரியில் பிறந்தவர் சுப்பையா. அன்றைய புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டது. ஆனாலும் அது ஒரே நிலப்பரப்பாக இருக்கவில்லை. பிரெஞ்சுக் கிராமங்களும் பிரிட்டிஷ் கிராமங்களும் மாறி மாறிக் கலந்து கிடந்தன. கோட்டக்குப்பம் பிரிட்டிஷ் எல்லை. அதற்கு வடக்கே உள்ள காலாப்பட்டு மீண்டும் பிரெஞ்சு எல்லை. ஒரே மொழி பேசி, ஒரே கடலில் மீன் பிடித்து வாழ்ந்த மக்களை இருவேறு சட்டங்கள் ஆண்டன. பிற்காலத்தில் சுப்பையா வெளியேற்றப்பட்டதும் எல்லைகளைத் தாண்டித் தலைமறைவாக இயங்கியதும் இந்த நில அமைப்பின் பின்னணியில்தான்.

இளமையில் அவரை ஈர்த்தது காந்தியடிகளின் இயக்கம். தீண்டாமை ஒழிப்புப் பணிக்காகப் புதுச்சேரியில் அரிஜன சேவா சங்கத்தைக் கட்டியெழுப்பியதில் அவர் முன்நின்றார். 1934-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்ததன் பின்னணியில் அவரது முயற்சி இருந்தது. அதே ஆண்டில் 'சுதந்திரம்' என்ற இதழைத் தொடங்கினார். சேரிகளில் பணியாற்றிய இளைஞரின் கண்ணில் அடுத்துப் பட்டவர்கள் பஞ்சாலைத் தொழிலாளர்கள். சேரியில் கண்ட முகங்களே ஆலை வாயிலிலும் இருந்தன. சமூக இழிவும் குறைந்த கூலியும் ஒரே வேரிலிருந்து வருவதை அவர் உணர்ந்தது அங்கேதான் எனலாம்.

சவானா, ரோடியர், கெப்ளே என்ற மூன்று பெரும் ஆலைகள் அன்றைய புதுச்சேரியின் பொருளாதாரத்தைத் தாங்கி நின்றன. விடியலுக்கு முன் தொடங்கி இருட்டிய பின்னும் நீளும் வேலை, சொற்பக் கூலி, பெண்களும் சிறுவர்களும் அதே இயந்திரங்களின் முன் என்பதே அன்றைய நிலை. தொழிற்சங்கம் அமைக்கச் சட்டப்படியான உரிமை கிடையாது. எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியாவில் 1926-ஆம் ஆண்டே தொழிற்சங்கச் சட்டம் வந்துவிட்டிருந்தது. சமத்துவத்தை முழங்கிய பிரெஞ்சுக் குடியரசின் ஆட்சிப் பகுதியிலோ சங்கம் வைப்பதே குற்றமாகக் கருதப்பட்டது.

1935-ஆம் ஆண்டில் சவானா ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. சுப்பையா செய்த வேலை ஆவேசப் பேச்சோடு நிற்கவில்லை. கோரிக்கைகளை வரிசைப்படுத்தி எழுத்தில் வைத்தார். வேலை நேரம், கூலி, பெண் தொழிலாளர் நலன் என்று ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டினார். சிதறிக் கிடந்த முறையீடுகள் ஒரே கோரிக்கைப் பட்டியலாயின. கூட்டுப் பேரம் என்று இன்று நாம் அழைக்கும் முறையின் முதற்படி இதுதான். தனியொருவர் கேட்டால் அது மன்றாட்டு. எல்லோரும் சேர்ந்து எழுத்தில் கேட்டால் அது பேச்சுவார்த்தைக்கான அழைப்பு.

அந்த அழைப்பு துப்பாக்கியால் எதிர்கொள்ளப்பட்டது. 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி, போராட்டத்தில் இருந்த ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு நிர்வாகத்தின் படையினர் சுட்டதில் 12 பேர் உயிரிழந்தனர். அந்த நாளைப் புதுச்சேரித் தொழிலாளர்கள் இன்றும் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறார்கள்.

காலத்தின் முரண் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அதே 1936-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாரிஸில் லியோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு, முதலாளிகளையும் தொழிற்சங்கங்களையும் ஒரே மேசையில் அமரவைத்து உடன்படிக்கை கண்டிருந்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் பிரான்ஸில் சட்டமாயின. தாய்நாட்டில் தொழிலாளிக்கு மேசை. குடியேற்ற நாட்டில் தொழிலாளிக்குத் தோட்டா.

இந்த முரணையே சுப்பையா தம் கருவியாக்கினார். உயிரிழப்பின் துயரத்தோடு முடங்கிவிடாமல், பாரிஸ் வரை சென்று வழக்காடினார். பிரான்ஸின் அரசே ஏற்றுக்கொண்ட நியாயத்தைப் புதுச்சேரிக்கும் கேட்டார். 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட ஆணை, பிரெஞ்சிந்தியத் தொழிலாளர்களுக்கு 8 மணி நேர வேலையையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் வழங்கியது. அப்போது எல்லைக்கு மறுபுறம் பிரிட்டிஷ் இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்கு 10 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளித்தது. ஆசியாவிலேயே முதன்முதலாக 8 மணி நேர வேலையைச் சட்டமாக்கிய ஊர் என்று புதுச்சேரி மக்கள் பெருமை கொள்வது இதனால்தான்.

வெற்றிக்குப் பின் சுப்பையாவுக்குக் கிடைத்தது ஓய்வு அல்ல. கைது, வெளியேற்றம், தலைமறைவு என்றே அடுத்த ஆண்டுகள் கழிந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் சிறையையும் கண்டார். 1947-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் மேலவைக்குப் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம்மைச் சிறையிலிட்ட அரசின் மேலவையிலேயே அமர்ந்தவர், சில ஆண்டுகளில் மீண்டும் அதே அரசால் தேடப்படுபவரானார். 1950-ஆம் ஆண்டில் அவரது வீடு எரிக்கப்பட்டது. அவர் மனைவி சரஸ்வதி சுப்பையாவும் விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றவர். இந்த இன்னல்கள் அனைத்தையும் உடனிருந்து சுமந்தவர்.

1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது. அதன்பின் சட்டப்பேரவை உறுப்பினராகவும், 1969-இல் அமைந்த கூட்டணி அரசில் அமைச்சராகவும் சுப்பையா பணியாற்றினார். 1993-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி மறைந்தார். அவர் போராடிய ஆலைகள் நலிந்து, இன்று இயந்திர ஓசையின்றிக் கிடக்கின்றன. அவர் வென்ற உரிமையோ ஆலைகளைக் கடந்து நிற்கிறது.

ஆனால், அந்த உரிமை எல்லோரையும் எட்டிவிட்டதா? பள்ளிச் சமையற்கூடத்தின் வாயிலில் நின்று இக்கேள்வியைக் கேட்க வேண்டும்.

தமிழகத்தில் 1982-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்ற மூன்று நிலைப் பணியாளர்களால் நடக்கிறது. சங்கமாகத் திரண்டு பல்லாண்டுகள் போராடியதன் பயனாக அவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் கிடைத்தது. எனினும் முழுமையான காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் இன்னும் கோரிக்கைகளாகவே நீடிக்கின்றன. 2024-ஆம் ஆண்டு இறுதியில் 8,997 சமையல் உதவியாளர் பணியிடங்களை நிரப்ப அரசு ஆணையிட்டபோது, தொடக்கத்தில் மாதம் ரூ.3,000 தொகுப்பூதியம் என்றே அறிவிக்கப்பட்டது. நாளொன்றுக்கு ரூ.100. இது ஒருவேளை உணவுக்கான வேலை, பகுதி நேரப் பணி என்று சமாதானம் சொல்லப்படுகிறது. ஆனால் பள்ளியில் நண்பகலில் சோறு போட வேண்டியவர், அன்று காலையிலோ மாலையிலோ வேறு முழுக்கூலி வேலைக்குப் போக முடியுமா என்பதை யாரும் கேட்பதில்லை.

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள். பள்ளித் தூய்மைப் பணி உள்ளாட்சி அமைப்புகள் வழியாக நடக்கிறது. ஒரே வளாகத்தில் மூன்று விதமான பணியாளர்கள். மூன்று விதமான ஏற்பாடுகள். இவர்கள் அனைவரும் ஒருசேர அமர்ந்து பேசுவதற்கு எதிர்த்தரப்பில் ஒரே முதலாளி இல்லை.

தேசிய அளவில் நிலைமை இன்னும் மோசம். மதிய உணவுத் திட்டச் சமையலர்களுக்கு 2009-ஆம் ஆண்டில் மத்திய அரசு நிர்ணயித்த மாத மதிப்பூதியம் ரூ.1,000. அதுவும் ஆண்டுக்கு 10 மாதங்களுக்கு மட்டுமே. பல மாநிலங்கள் தம் பங்காகக் கூடுதல் தொகை தருகின்றன என்றாலும் அந்த அடிப்படைத் தொகை நெடுங்காலம் அசையவில்லை. 2013-ஆம் ஆண்டில் நடந்த 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்கப் பரிந்துரைத்தது. 2020-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், இத்தகைய சொற்பத் தொகைக்குச் சமைக்க வைப்பது அரசமைப்புச் சட்டம் தடை செய்துள்ள கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்று கண்டது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. நீதிமன்றமும் மாநாடும் சொன்ன பிறகும் சொல் மாறவில்லை. ஊதியம் என்று எழுதினால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்து நிற்கும். மதிப்பூதியம் என்று எழுதினால் அது தயவாகிவிடும்.

ஆலைத் தொழிலாளிக்கும் பள்ளிப் பணியாளருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆலை நின்றால் நட்டம் முதலாளிக்கு. பள்ளிச் சமையற்கூடம் நின்றால் பசிப்பது குழந்தைகள். அவர்களில் அந்தப் பணியாளரின் பிள்ளைகளும் இருக்கக்கூடும். எனவே வேலைநிறுத்தம் என்ற ஆயுதம் இவர்கள் கையில் இருமுனைக் கத்தி. சத்துணவு ஊழியர் போராட்டம் அறிவிக்கும்போதெல்லாம் மாற்று ஏற்பாடு குறித்த சுற்றறிக்கை வருகிறதே தவிர, கோரிக்கை குறித்த நிரந்தரப் பேச்சுவார்த்தை ஏற்பாடு வருவதில்லை.

குழந்தைகள் பசிக்கக் கூடாது என்பது உண்மையான அக்கறையானால், அதற்கு வழி பணியாளரின் மனச்சாட்சியைச் சுரண்டுவது அல்ல. வேலைநிறுத்தம் தேவைப்படாத நிலையை உருவாக்குவது. இங்கிலாந்தில் பள்ளித் துணைப் பணியாளர்களுக்கென்றே தனிப் பேச்சுவார்த்தைக் குழு ஒன்றை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்தியது. அடுத்து வந்த அரசு அதைக் கலைத்தது. அதை மீண்டும் அமைப்பதற்கான மசோதா 2024-இல் கொண்டுவரப்பட்டது. ஆசிரியருக்கு ஊதியக் குழு இருக்கும்போது, அதே பள்ளியில் சமைப்பவருக்கும் கூட்டுபவருக்கும் ஏன் இல்லை என்ற எளிய கேள்வியே அதன் அடிப்படை.

தமிழக அரசும் இதைச் செய்ய இயலும். சத்துணவு, காலை உணவு, தூய்மை, காவல் ஆகிய பணிகளில் இருப்போரின் சங்கங்களும், நிதித் துறை உள்ளிட்ட தொடர்புடைய துறைகளும் ஆண்டுதோறும் குறித்த காலத்தில் கூடும் நிரந்தரக் குழு ஒன்று வேண்டும். அதன் முடிவுகள் அரசாணையாக வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேர உரிமை ஆகியன குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98-ஆவது உடன்பாடுகளை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அதற்காகக் காத்திராமல் ஒரு மாநிலம் வழிகாட்டலாம். உணவுத் திட்டத்தில் நாட்டுக்கே முன்னோடியான மாநிலம், அந்த உணவைச் சமைப்பவரின் ஊதியத்திலும் முன்னோடியாக இருப்பதே முறை.

சுப்பையாவின் வாழ்க்கை கற்பிப்பது இதுதான்: சலுகையாகக் கிடைத்தது அடுத்த ஆட்சியில் பறிபோகும், பேசிப் பெற்றுச் சட்டமாக்கியது நிலைக்கும். 1936-இல் சவானா ஆலைத் தொழிலாளர்கள் கேட்டது முதலில் ஒரு மேசையைத்தான். அது மறுக்கப்பட்டதால் 12 உயிர்கள் போயின. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த ஆலையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கடற்கரைக் கிராமப் பள்ளிகளில், விடியலில் அடுப்பு மூட்டும் பெண்கள் கேட்பதும் அதே மேசையைத்தான். அவர்களுக்கு ஓர் இருக்கை போடுவதற்கு எந்தக் கருவூலமும் காலியாகிவிடாது.