பாட்டி மெல்லச் சொன்ன பெயர்

சுங்கை ஆயர் தாவாரில் எங்கள் வீட்டில் கணபதி என்றால் பிள்ளையார் மட்டுமல்லர். இன்னொரு கணபதியும் இருந்தார். அவர் பெயரைச் சொல்லும்போது மட்டும் பாட்டியின் குரல் தானாகத் தாழும். 1949இல் பாட்டிக்குப் பதினொரு வயது. அந்தப் பெயரை உரக்கச் சொன்னால் வேலை போய்விடும் என்று அவருடைய தகப்பனார் அஞ்சினாராம். தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். சட்டிபானையோடு சாலையில் நிற்க வேண்டியதுதான்.

மலாயா கணபதி என்று மக்கள் அழைத்த எஸ்.ஏ. கணபதி, 1912இல் தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். சிறுவனாகவே சிங்கப்பூருக்கு வந்து அங்கேயே வளர்ந்தார். ஜப்பானியர் காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தார். போர் முடிந்ததும் முழுநேரத் தொழிற்சங்கவாதியானார்.

அவர் வருவதற்கு முன்பே சிலாங்கூர்த் தோட்டங்கள் கொதித்திருந்தன. 1941இல் கிள்ளானில் மூண்ட வேலை நிறுத்தம் கோலசிலாங்கூர் வரை பரவியது. தொழிலாளர்கள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. சரியான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றையும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய இழிவு ஒழிய வேண்டும் என்றார்கள். குறைகளை எடுத்துச் சொல்பவர்களைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று. எனக்கு அதுவே தலையாய கோரிக்கையாகத் தோன்றுகிறது. அது கிடைக்காவிட்டால் மற்றவற்றைக் கேட்க யார் வாய் திறப்பார்? பதிலாக ராணுவம்தான் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் சிலர் மாண்டனர்.

போருக்குப் பின் அந்தக் குரல் பெரிதாகத் திரண்டது. கணபதி தலைமையேற்ற அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம், 1947இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கணக்குக் காட்டியது. பால்மரம் வெட்டும் தமிழரும் ஈயச் சுரங்கத்துச் சீனரும் ஒரே குடைக்குள் வந்தது ஆட்சியாளருக்குப் பிடிக்கவில்லை. சம்மேளனத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியின் கை ஓங்கியிருந்ததும் உண்மை. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. 1948இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்களே கூட்டாக இணையலாம், பொறுப்பாளர்களுக்கு அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்று விதித்தார்கள். அந்த ஜூன் மாதமே சம்மேளனம் பதிவை இழந்தது. சில நாள்களில் அவசரகாலம் பிரகடனமானது.

1949 மார்ச்சில் ரவாங் அருகே கணபதி கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். அவசரகால விதிப்படி அதற்குத் தண்டனை மரணம். கண்டெடுத்ததைப் போலீசாரிடம் ஒப்படைக்கவே கொண்டு சென்றார் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசின் முயற்சியும் பலிக்கவில்லை. மே 3இல் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை, புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். பிடிபட்டு முழுதாக மூன்று மாதங்கூட ஆகவில்லை. அதே போன்ற ஆயுத வழக்கில் சிக்கிய சம்பசிவம், லண்டன் பிரிவி கவுன்சிலில் 1950இல் விடுதலை பெற்றார் என்று படித்தபோது நூலகத்தில் வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் இருந்தேன்.

இவற்றையெல்லாம் என்னைத் தேட வைத்தவர் தாதியாகப் பணிபுரியும் என் அக்கா. அவருடைய பிரிவில் இரவு நேரத்தில் முப்பது நோயாளிகளுக்கு இரண்டு தாதியர்தான். ஒருவருக்கு மருந்து கொடுக்கும்போது இன்னொருவர் மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்பதே அவர்கள் கவலை. சங்கம் அமைக்கலாம் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். படிவம் கைமாறியது, கையெழுத்துத்தான் விழவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களோ என்ற பயம்.

சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வதை 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் தடுக்கிறது என்றும், நியாயமின்றி நீக்கினால் 60 நாள்களுக்குள் முறையிடலாம் என்றும் அக்காவிடம் சொன்னேன். சட்டம் இரவு வேலைக்கு வருமா என்று கேட்டுச் சிரித்தார்.

விடுமுறையில் அவரைப் புடுவுக்கு அழைத்துச் சென்றேன். சிறைச்சாலை 2012க்குள் இடிக்கப்பட்டுவிட்டது. பழைய நுழைவாயில் மட்டும் வணிக வளாகத்தின் முன்னே நிற்கிறது. அக்கா அதைப் படம் பிடித்துப் பாட்டிக்கு அனுப்பினார். பாட்டி உடனே அழைத்து, கணபதி உள்ளே இருந்த இடமா என்று கேட்டார். இம்முறை குரலைத் தாழ்த்தவில்லை. படிவம் இன்னும் அக்காவின் கைப்பையில் இருக்கிறது.