அன்னையை வரைந்த ராஃபேல்

கன்னத்தில் கைவைத்து மேல்நோக்கிப் பார்க்கும் சிறகு முளைத்த இரு குழந்தைகளின் படத்தை வாழ்த்து அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் நம்மிற் பலர் கண்டிருப்போம். அது தனிப்படம் அன்று. பெரியதோர் ஓவியத்தின் அடியில் அமைந்த சிறு பகுதியே ஆகும். அதனைத் தீட்டியவர் இத்தாலிய நாட்டு ஓவியர் ராஃபேல். அவருடைய வரலாற்றைச் சுருக்கமாக இங்கே கூற விழைகின்றோம்.

ராஃபேல் 1483-ஆம் ஆண்டு உர்பினோ என்னும் மலைநகரில் பிறந்தார். தந்தை ஜியோவன்னி ஸாந்தி அந்நகரக் கோமகனின் அவையில் ஓவியராய் விளங்கியவர். கவி புனையவும் வல்லவர். தந்தையின் பட்டறையே மைந்தனுக்கு முதற் பள்ளியாயிற்று. ஆனால் அவ்வீட்டின் இன்பம் நீடிக்கவில்லை. 1491-ல், எட்டாம் வயதில், ராஃபேல் தாயை இழந்தார். 1494-ல் தந்தையும் மறைந்தார். தந்தையின் உடன்பிறந்தாரான பாதிரியார் ஒருவர் சிறுவனுக்குப் பாதுகாவலரானார். சொத்துக் குறித்து அவருக்கும் மாற்றாந்தாய்க்கும் வழக்கு மூண்டது.

இத்தகைய இன்னல்களுக்கிடையே வளர்ந்தவர், பதினேழாம் வயதிலேயே ஒப்பந்தப் பத்திரத்தில் ஆசான் என்று குறிக்கப்பெறும் தகுதியை எய்தினார். பின்னர் பெரூஜியாவிலும் 1504 முதல் பிளாரன்ஸிலும் பணியாற்றினார். தம்மினும் மூத்த லியனார்டோ, மைக்கலாஞ்சலோ ஆகியோரின் படைப்புக்களைக் கண்டு, மாணவனைப் போல் பயின்றார். எங்குச் சென்றபோதிலும் பிறந்த ஊரை அவர் மறந்தாரில்லை. 1504-ல் தீட்டிய கன்னி மரியாளின் திருமணம் என்னும் ஓவியத்தில் உர்பினோ ஊர் ராஃபேல் என்றே கையொப்பமிட்டார். பெயருக்கு முன் ஊரின் முதலெழுத்தைச் சுமந்து வாழும் நம்மவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

அக்காலத்தில் தேவமாதாவும் குழந்தை ஏசுவும் நடுவில் வீற்றிருக்க, புனிதர்கள் இருமருங்கும் நிற்பதாகப் பலிபீட ஓவியம் அமைப்பது வழக்கம். வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்த அடியார்கள் ஓரவையில் கூடியது போல் அவை தோன்றும். எந்தப் புனிதர் பெயரால் ஆலயம் அமைந்ததோ அவருக்கு அதில் இடமுண்டு. ராஃபேல் இம்முறையில் பல ஓவியங்கள் தந்தார். அவற்றுள் 1505-ல் முடித்த ஆன்ஸிடேய் மாதா ஓவியம் இன்று லண்டனில் உள்ளது.

1508-ல் ரோமாபுரி சென்ற ராஃபேல் போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸின் அரண்மனைச் சுவர்களில் ஓவியங்கள் தீட்டிப் பெரும் புகழ் பெற்றார். அப்போப்பின் விருப்பப்படி, பியாசென்ஸா நகரத்துப் புனித ஸிக்ஸ்டஸ் மடாலயத்திற்காக 1512, 1513 ஆண்டுகளில் வரைந்ததே நாம் முதலிற் கூறிய பேரோவியம். பச்சைத் திரை இருபுறமும் விலகுகின்றது. மேகத்தின்மீது மாதா வெறுங்காலுடன் நடந்து வருகின்றாள். இடப்புறம் ஸிக்ஸ்டஸ் மண்டியிட்டு, வெளியே நிற்கும் மக்களைச் சுட்டிக் கைநீட்டுகின்றார். வலப்புறம் பார்பரா பார்வையைத் தாழ்த்தியிருக்கின்றாள். மாதாவின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. குழந்தையின் விழிகளிலும் அச்சத்தின் சாயல் உண்டு. மைந்தனுக்கு நேரவிருப்பதை அறிந்தும் அவனை உலகுக்கு அளிக்க வருகின்ற தாயைப் போல் அவள் தோன்றுகின்றாள். பிரிவு இன்னதென இளமையிலேயே உணர்ந்தவரின் கை தீட்டிய முகம் அது என்பது எமது எண்ணம்.

அவ்வோவியமும் ஊர்விட்டு ஊர் சென்றது. 1754-ல் விலைக்கு வாங்கப்பெற்று ஜெர்மனியின் டிரெஸ்டனை அடைந்தது. போர் முடிவில், 1945-ல், மாஸ்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின் டிரெஸ்டனுக்கே மீண்டது.

ராஃபேல் 1520-ஆம் ஆண்டு, பெரிய வெள்ளிக்கிழமையன்று, முப்பத்தேழாம் வயதில் ரோமாபுரியில் காலமானார். பாந்தியன் ஆலயத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. அக்கல்லறையின் மேல் நிற்பது, குழந்தையை ஏந்திய மாதாவின் சிலை. எட்டு வயதில் தாயின் மடியை இழந்தவர், இறுதியில் ஓர் அன்னையின் காலடியிலேயே துயில்கின்றார்.

பெற்றோரை ஊரில் விட்டு நெடுந்தொலைவில் வாழும் நாம், நம் குழந்தைகட்கு அப்படத்தைக் காட்டும்போது, கீழே உள்ள இரு சிறுவரோடு நின்றுவிடாது, மேலே நிற்கும் தாயையும் காட்டுவோமாக.