பொன் தராத குன்று
மார்க் ட்வெயினும் மண் அரித்த தோழர்களும்

பொன் தேடிச் சென்றவர்களின் வரலாறு பெரும்பாலும் பேராசையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1848 ஆம் ஆண்டு சனவரியில், கலிபோர்னியாவில் மரம் அரியும் ஆலையொன்றின் நீரோடையிலே பொன் மின்னிய செய்தி பரவியதும், அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அந்நிலத்தை நோக்கி ஓடினர். அவர்களிடையே நிகழ்ந்த களவும் கொலையும் வழக்கும் வஞ்சகமும் நூல்கள் பலவற்றில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஆயினும், அந்த ஓட்டம் ஓய்ந்து, பொன்னும் வற்றி, பெருங்கூட்டம் கலைந்து போன பின்னரும், மலைச்சரிவுகளிலே இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரே குடிசையில் வாழ்ந்து, கிடைத்ததைப் பகிர்ந்து, கிடைக்காத நாளில் ஒருவரை ஒருவர் தேற்றி நின்ற சிலர் இருந்தனர். அவர்களுடைய வரலாற்றை நாம் அறிய உதவியவர், அவர்களோடு இருந்து மண் அரித்துத் தோல்வியுற்ற ஒருவரே. மார்க் ட்வெயின் என்று உலகம் போற்றும் அவருடைய இயற்பெயர் சாமுவேல் லாங்ஹோர்ன் கிளெமென்ஸ்.

ஆற்றிலிருந்து மலைக்கு

கிளெமென்ஸ் 1835 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹனிபல் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். பதினொரு வயதிலே தந்தையை இழந்தார். அச்சகத்திற் பயிலுநராகச் சேர்ந்து, எழுத்துக் கோத்து, ஊர் ஊராய் அலைந்து, 1859 இல் நீராவிக் கப்பலின் வழிகாட்டியாக உரிமம் பெற்றார். ஆற்றின் ஆழம் இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி என்பதை அறிவிக்கும் கப்பற்காரரின் குரலே பின்னாளில் அவருடைய புனைபெயர் ஆயிற்று.

1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆற்றுப் போக்குவரத்து நின்றது. தமையனார் ஓரியன் நெவாடாப் பிரதேசத்தின் செயலாளராக நியமனம் பெற்றபோது, தம்பியும் அவருடன் குதிரை வண்டியேறி மேற்கே சென்றார். நெவாடாவில் அப்போது வெள்ளியும் பொன்னும் எல்லோருடைய வாயிலும் இருந்தன. சுரங்கப் பங்குகளை அடிக்கணக்கில் வாங்கினார்கள், விற்றார்கள். கையில் ஒரு வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவனும் ஆயிரம் அடிகளுக்குச் சொந்தக்காரன் எனத் தன்னை எண்ணிக்கொண்டான். கிளெமென்சும் அந்தக் காய்ச்சலுக்கு ஆளானார்.

பத்து நாட் செல்வர்

1862 இல் ஓரோரா என்னும் சுரங்க ஊரிலே கால்வின் ஹிக்பி என்பவருடன் ஒரே குடிலில் அவர் வாழ்ந்தார். ஹிக்பி உடல்வலி மிக்கவர், சுரங்க வேலையை நன்கறிந்தவர், பொறுமைசாலி. கிளெமென்சோ அலவாங்கிலும் மண்வெட்டியிலும் ஆர்வமில்லாதவர். இவ்விருவரும் ஒருவருக்கொருவர் எவ்வாறு பொருந்தினர் என்பது வியப்புக்குரியதே. வேலையின்றி ஹிக்பி வாடியபோது, சுரங்கமொன்றிற் சென்று கூலியே வேண்டாமென்று கூறி வேலை கேட்குமாறு தாம் யோசனை சொன்னதையும், அவ்வாறே வேலை கிடைத்துப் பின்னர் கூலியும் கிடைத்ததையும் கிளெமென்ஸ் முதுமையிலே மகிழ்ந்து நினைவுகூர்ந்தார்.

அவர்களுடைய நட்பின் பெருங்கதை 1872 இல் வெளிவந்த ரஃபிங் இட் என்னும் நூலில் இடம்பெறுகிறது. பெயர்பெற்ற சுரங்கமொன்றின் நிலத்தினூடே வேறொரு தாதுப்படலம் மறைந்து ஓடுவதை ஹிக்பி கண்டுபிடித்தார். சட்டப்படி அது எவருக்கும் உரியதன்று. உடனே அவரும் கிளெமென்சும் மூன்றாவது பங்காளி ஒருவரும் உரிமை கோரிப் பதிந்தனர். பத்து நாட்களுக்குள் அந்நிலத்திற் சிறிதளவேனும் வேலை செய்தாலன்றி உரிமை நிலைக்காது. அந்த வேளையிலே, ஒன்பது மைல் தொலைவில் நண்பர் ஒருவர் வாதநோயால் துடிக்கிறார் என்ற செய்தி கிளெமென்சுக்கு எட்டியது. வேலையைக் கவனிக்குமாறு ஹிக்பிக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டு நோயாளியிடம் ஓடினார். ஹிக்பியோ, மலைகளுக்கிடையே மறைந்து கிடப்பதாகச் சொல்லப்பட்ட ஓர் அதிசயப் பொற்சுரங்கத்தைத் தேடுவோருடன் அவசரமாகப் புறப்பட்டவர், வேலையைக் கவனிக்குமாறு கிளெமென்சுக்கு ஒரு குறிப்பைச் சாளரத்தின் வழியே எறிந்துவிட்டுப் போனார். மூன்றாமவரும் ஊரில் இல்லை. ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையே அவர்களுடைய செல்வத்தைக் கரைத்தது. பத்தாம் நாள் நள்ளிரவு கழிந்தது. காத்திருந்த வேறு சிலர் அந்நிலத்தைத் தமதாக்கிக் கொண்டனர்.

இக்கதையில் ஆசிரியர் தம் கற்பனையையும் கலந்திருக்கிறார் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அது எவ்வாறாயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. கோடி போனதற்கு இருவரும் ஒருவரையொருவர் பழித்ததாக அந்நூல் கூறவில்லை. மாறாக, அந்நூலையே கிளெமென்ஸ் ஹிக்பிக்குக் காணிக்கையாக்கினார். பெரும் புகழும் செல்வமும் வந்தபின், உலகப் பெரியார் எவருடைய பெயரையும் முகப்பில் இடாது, தம்மோடு ஒரே குடிலிற் பசித்திருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவருடைய பெயரையே இட்டார்.

கழுதைக் குன்று

பொன் கைவிட்ட கிளெமென்சுக்குப் பேனா கைகொடுத்தது. வெர்ஜீனியா சிற்றியிலிருந்து வெளிவந்த டெரிட்டோரியல் என்டர்பிறைஸ் என்னும் புதினப் பத்திரிகை வாரம் 25 டொலர் சம்பளத்தில் அவரை அழைத்தது. 1863 பெப்ரவரியில் மார்க் ட்வெயின் என்ற பெயர் அதிலேதான் முதன்முதல் அச்சேறியது. அங்கு அச்சுக்கோப்பவராக இருந்த ஸ்டீவ் கில்லிஸ் அவருடைய உற்ற நண்பரானார். உருவத்திற் சிறியவர், துணிவிற் பெரியவர். 1864 இல் இருவரும் சான் பிரான்சிஸ்கோ சென்றனர். அங்கு மதுக்கடைச் சண்டையொன்றில் ஸ்டீவ் ஒருவனை அடித்து வீழ்த்தி வழக்கில் மாட்டிக்கொண்டார் என்றும், ஐந்நூறு டொலர் பிணைக்குக் கிளெமென்ஸ் கையொப்பமிட்டார் என்றும், ஸ்டீவ் நகரை விட்டு நீங்கவே பிணை நின்றவருக்கும் நெருக்கடி வந்தது என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுவர். கையிற் பொருளில்லை, மனத்தில் உற்சாகமில்லை. அந்நிலையில் அவருக்குப் புகலிடம் தந்தவர் ஸ்டீவின் தமையனாராகிய ஜிம் கில்லிஸ்.

கழுதைக் குன்று என்று பொருள்படும் ஜாக்கஸ் ஹில்லில் ஜிம்மின் மரக்குடிசை இருந்தது. பொன்வேட்டைக் காலத்திலே மனிதர் நிறைந்திருந்த இடம் அது. கிளெமென்ஸ் 1864 டிசம்பர் 4 ஆம் நாள் அங்கே சென்றபோது, புல் மூடிய வெறுங்குன்றுகளும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குடிசைகளுமே எஞ்சியிருந்தன. ஜிம், அவருடைய தம்பி பில்லி, பங்காளி டிக் ஸ்டோக்கர் ஆகியோர் அக்குடிசையில் வாழ்ந்தனர். அங்கே நூல்களும் இருந்தன. வாடகையுமில்லை, கணக்குமில்லை. வந்தவருக்கு ஒரு படுக்கையும், அடுப்படியில் ஓர் இடமும், வேலையில் ஒரு பங்கும் கேளாமலே கிடைத்தன.

அவர்கள் செய்த தொழிலின் முறை சுவையானது. மலைச்சரிவிலே ஏதோவோர் இடத்திற் பொன் ஒரு சிறு பொதியாகத் திரண்டு கிடக்கும். மழை அதிலிருந்து துகள்களைக் கழுவி, விசிறி விரிந்தாற்போலக் கீழே பரப்பிவிடும். தேடுவோர் அடிவாரத்தில் ஒரு தட்டு மண்ணை எடுத்து நீரிலிட்டுச் சுழற்றுவர். நம் வீடுகளில் அரிக்கன் சட்டியிலே அரிசி அரிக்கும்போது கல் அடியிலே தங்குவதைப் போல, கனமான பொற்றுகள் தட்டின் அடியிலே தங்கும். துகள்களை எண்ணிக்கொண்டு சற்று வலப்புறம் சென்று இன்னொரு தட்டு. பின் இடப்புறம் ஒன்று. பொன் காணாத இடமே விசிறியின் ஓரம். இவ்வாறு ஓரங்களைக் கண்டறிந்து மேலே ஏற ஏற விசிறி ஒடுங்கும். அதன் காம்பு முடியும் இடத்தில் பொதி இருக்கும். சில வேளை இல்லாமலும் போகும். மாதக்கணக்கில் உழைத்தும் ஒன்றும் காணாதோர் உண்டு. எனவே, ஒருவன் தனித்து இத்தொழிலைச் செய்தால் பசி கொல்லும். பசி விட்டாலும் தனிமை கொல்லும். கூட்டாளியே அங்கு மூலதனம்.

மாரி மழையும் ஒரு தவளையும்

கிளெமென்சுக்கு வாய்த்த பங்கு பெரும்பாலும் நீர்வாளி சுமப்பதே. ஒரு நாள், மழையும் குளிரும் வாட்ட, இனி ஒரு வாளி கூடச் சுமக்க மாட்டேன் என்று அவர் மறுத்தார் என்றும், இன்னும் ஒரு வாளி கேட்டுக் கெஞ்சிய ஜிம் பின்னர் வேலையைக் கைவிட்டார் என்றும், அவர்கள் விட்டுச் சென்ற மண்ணை மழை கழுவ, வெளிப்பட்ட பொன்னை வேறு சிலர் கண்டு பல்லாயிரம் டொலர் பெற்றனர் என்றும் பெயின் என்பவர் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. கதை மெய்யோ மிகையோ, நண்பன் நடுங்குவதைக் கண்டு வேலையை நிறுத்திய ஜிம்மின் இயல்பை அது நன்கு காட்டுகிறது.

1865 சனவரியில் அவர்கள் அருகிலுள்ள ஏஞ்சல்ஸ் காம்ப் என்னும் ஊருக்குச் சென்றனர். நாட்கணக்கில் மழை. உணவோ அவரையும் சுவையற்ற கோப்பியும். விடுதியின் அடுப்பருகே குந்தியிருந்த பென் கூன் என்னும் பழைய கப்பல் வழிகாட்டி, சிரிப்பென்பதே முகத்திற் காட்டாமல், பந்தயத் தவளையொன்றின் வயிற்றிலே ஈயக் குண்டுகளை நிரப்பி ஏமாற்றிய கதையைச் சொன்னார். கேட்டோர் சாதாரணமாகக் கேட்டனர். கிளெமென்ஸ் அதைத் தம் குறிப்பேட்டிற் சில சொற்களிற் பதிந்துகொண்டார்.

பெப்ரவரி இறுதியில், வெறுங்கையோடு அவர் நகருக்குத் திரும்பினார். அவ்வாண்டு நவம்பர் 18 ஆம் நாள் நியூயோர்க் சாற்றர்டே பிறெஸ் இதழில் தவளைக் கதை வெளிவந்தது. நாடெங்கும் பத்திரிகைகள் அதை மறுபதிப்புச் செய்தன. அவர் புகழுக்கு அடிக்கல் அதுவே.

குன்று கொடுத்தது அவ்வளவோடு நிற்கவில்லை. மாலைதோறும் அடுப்புக்கு முதுகு காட்டி நின்று, டிக் ஸ்டோக்கரையே நாயகனாக்கி ஜிம் கட்டிவிட்ட கதைகளைக் கேட்டு, டிக் வாய் திறவாது புகைபிடித்திருப்பாராம். டிக்கின் சுரங்கப் பூனையும், பலகை வீட்டினுள் விதை நிரப்ப முயன்ற நீலப்பறவையும், ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் வரும் போலி அரசனின் கூத்தும் அக்குடிசையிலிருந்து வந்தவையே. எழுதியவர் உலகப் புகழ் பெற்றார். சொன்னவர் குன்றிலேயே மண் அரித்துக்கொண்டிருந்தார். இது நீதியாகுமா என்று வாசகர் வினவலாம். கிளெமென்ஸ் அக்கடனை மறைக்கவில்லை. 1870 இல், தம் திருமணத்துக்குச் சில நாட்களுக்கு முன்பு ஜிம்முக்குக் கடிதமெழுதி, ஏஞ்சல்ஸ் காம்பின் மழையையும் தவளையையும் நினைவூட்டி, தம் நற்பேற்றின் தொடக்கம் அங்கேதான் என்று ஒப்புக்கொண்டு, டிக்கையும் ஜிம்மையும் மணவிழாவுக்கு அழைத்தார். முதுமையிற் சொல்லி எழுதுவித்த சுயசரிதையில், ஜிம் தம் ஆற்றலைத் தாமே அறியாத பிறவிக் கலைஞர் என்று பாராட்டினார். எனினும், நூல்களின் வருவாயிற் குன்றுக்குப் பங்கு சென்றதாகத் தெரியவில்லை. நட்பின் கணக்கில் இஃதொரு நிலுவை என்றே கொள்ள வேண்டும்.

கற்ற பாடம்

அக்குடிசையிற் கண்ட பண்பு பிற்காலத்தில் அவரிடம் பலவாறு வெளிப்பட்டது. 1885 இல், கடனும் புற்றுநோயும் சூழ இறந்துகொண்டிருந்த முன்னாட் குடியரசுத் தலைவர் கிராண்டின் நினைவுக் குறிப்புகளைத் தாமே பதிப்பித்து, அவர் குடும்பத்துக்குப் பெருஞ்செல்வம் சேரச் செய்தார். 1894 இல் அவருடைய பதிப்பகமே முறிந்தபோது, ஹென்றி ரோஜர்ஸ் என்னும் செல்வர் தோழமையோடு வந்து அவருடைய கணக்குகளைத் தாமே ஏற்று நடத்தினார். ஏறத்தாழ ஓரிலட்சம் டொலர் கடன். சட்டம் அளித்த சலுகையை ஏற்காது, முழுவதையும் அடைப்பதென முடிவு செய்து, அறுபதை நெருங்கிய வயதில் உலகெங்கும் சொற்பொழிவாற்றப் புறப்பட்டார். 1896 சனவரியில் அவர் கொழும்பில் இறங்கியது அப்பயணத்தின்போதே. இலங்கையின் பசுமையையும் மக்களின் ஆடை நிறங்களையும் தம் பயண நூலில் வியந்து எழுதியிருக்கிறார். 1898 இல் கடன் முழுவதும் தீர்ந்தது.

பொன் தேடியவர்களின் தோழமையை அவர் எவ்வளவு ஆழமாக உணர்ந்திருந்தார் என்பதற்கு, 1893 இல் வெளிவந்த கலிபோர்னியனின் கதை என்னும் சிறுகதை சான்று. கைவிடப்பட்ட சுரங்கப் பகுதியிலே ஓர் அழகிய வீடு. அதில் வாழும் முன்னாட் சுரங்கத்தொழிலாளி, ஊருக்குச் சென்ற இளமனைவி சனிக்கிழமை இரவு திரும்புவாள் என்று காத்திருக்கிறான். பழைய தோழர் மூவர் வருகின்றனர். அவளுடைய கடிதத்தைக் கேட்டு நெகிழ்கின்றனர். வீட்டைப் பூக்களால் அலங்கரிக்கின்றனர். அவளை வரவேற்பதாகக் கூறி அவனுக்கு மருந்து கலந்த மதுவைக் கொடுத்து உறங்க வைக்கின்றனர். பின்னரே உண்மை தெரிகிறது. அவள் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே வழியில் மறைந்தவள். அவனுக்கோ அன்றே அறிவு பேதலித்துவிட்டது. ஆண்டுதோறும் அந்நாளின் வேதனை அவனைக் கொல்லாதிருக்கத் தோழர்கள் வந்து இந்நாடகத்தை நடத்துகின்றனர். முதலில் இருபத்தேழு பேராக வந்தவர்கள் இப்போது மூவராகக் குறைந்துவிட்டனர். பொன்னும் போய், ஊரும் போய், எஞ்சியது அந்தக் கடமை ஒன்றே.

1906 இல் ஹிக்பி தம் பழைய நினைவுகளை எழுத விரும்பிக் கடிதம் அனுப்பியபோது, எழுபது வயதான கிளெமென்ஸ் அதை மகிழ்ச்சியோடு வரவேற்றார். அடுத்த ஆண்டு ஜிம் கில்லிஸ் மறைந்தார். 1910 ஏப்பிரல் 21 ஆம் நாள் கிளெமென்சும் மறைந்தார். கழுதைக் குன்றிலே அந்தக் குடிசையின் வடிவம் மீண்டும் கட்டப்பட்டது. ஏஞ்சல்ஸ் காம்பில் 1928 முதல் தவளைப் பந்தயம் விழாவாக நடைபெற்று வருகிறது. அவ்விழாவுக்குச் செல்வோருட் பலர் தவளையை அறிவர். மழை நாளில் அந்த எழுத்தாளருக்கு அடுப்படியில் இடம் கொடுத்தவரை அறிவோர் சிலரே. இலக்கியம் கற்போர் அந்தச் சிலருள் இருத்தல் வேண்டும்.