டி. வி. சுந்தரம் ஐயங்கார் சரிதம்

மதுரை மாநகரிற் சின்னாளேனும் தங்கிக் கல்வி பயின்றவர்களுள் டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்தைக் காணாதார் ஒருவரும் இரார். ரயில் நிலையத்தினின்றும் வெளிப்போந்து மேல வெளி வீதியில் அடியெடுத்து வைப்பவர் கண்ணுக்கும் அது தப்புவதன்று. ஆயினும் இவ்வெழுத்துக்கள் ஒரு மனிதரின் பெயர் என்பதும், திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார் என்பதன் சுருக்கமே அது என்பதும் நம் மாணவர்களுட் பலர் அறியாதன. கம்பெனியின் பெயர் ஓங்க ஓங்க, அதனைத் தோற்றுவித்தவர் அப்பெயரின் நிழலில் மறைந்துவிடுகின்றனர். ஆகவே அவரது வரலாற்றைச் சிறிது எடுத்துரைக்க விழைகின்றோம்.

சுந்தரம் ஐயங்கார் 1877-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ந் தேதி, திருநெல்வேலிச் சீமையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துள்ள திருக்குறுங்குடியிற் பிறந்தார். நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய அவ்வூரில் ஐயங்கார் குடும்பத்துப் பிள்ளை ஒருவர்க்கு அக்காலத்து விதிக்கப்பட்ட வழி யாதென்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். ஆங்கிலம் கற்றல், சட்டம் பயிலல், வக்கீலாதல் அல்லது உத்தியோகத்தில் அமர்தல் என்பதே அவ்வழி. அவரும் அவ்வழியே சென்றார். முதலில் வக்கீல் தொழில். அப்பால் ரயில்வே உத்தியோகம். அதன்பின் பாங்கி உத்தியோகம். மூன்றும் மாதந்தோறும் கைக்குப் பணம் வருதற்குரிய கௌரவமான இடங்களே. மூன்றனையும் அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் துறந்தார். முப்பத்துநான்கு வயதில், மனைவி மக்களோடு கூடிய ஒருவர், நிலையான வருவாயை விடுத்து, அதுகாறும் இந்நாட்டார் தொழிலென்றே மதியாத ஒன்றிற் புகுவது எத்துணைத் துணிவு என்பதை, உத்தியோகத்தையே நாடிப் பட்டம் பெறும் நம் இளைஞர் எண்ணிப் பார்ப்பாராக.

1911-ம் ஆண்டில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் கம்பெனி தோன்றிற்று. 1912-ல் பஸ் போக்குவரத்துத் தொடங்கிற்று. அக்காலத்து மதுரைச் சமவெளியின் நிலைமையை வாசகர் மனக்கண்ணாற் காணவேண்டும். இருப்புப்பாதை 1875-லேயே மதுரையை அடைந்துவிட்டது. எனினும் அப்பாதைக்கு இருமருங்கும் விலகியிருந்த ஊர்களுக்கு மாட்டுவண்டியே கதி. மேலூர்ப் பக்கத்துச் செம்மண் புழுதியும், திருமங்கலத்துக்கு அப்பாற்பட்ட கரிசற் சேறும் மாடுகளையே களைப்புறச் செய்வன. இவற்றினூடே, குறித்த வேளையிற் புறப்பட்டுக் குறித்த வேளையிற் சென்று சேரும் எனச் சொல்லி ஒருவர் பிரயாணிகளிடம் முன்கூட்டியே பணம் பெறுகின்றார் என்றால், அவர் விற்பது வண்டியின் ஆசனத்தையன்று, தம் சொல்லையே. ரயில்வேயிற் பணிபுரிந்த ஒருவர்க்குக் கால அட்டவணையின் அருமை நன்கு தெரிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வர் என்று மதுரை முதியோர் இன்றும் சொல்வதுண்டு. மாடுகளின் குளம்பினின்றும் வீழ்ந்த லாட ஆணிகள் டயரைத் துளையாவண்ணம், காந்தம் கட்டிய வண்டியொன்றைச் சாலையில் ஓட்டி அவற்றைப் பொறுக்குவித்தனர் என்பதும் அவர்கள் வாய்க் கேட்ட செய்தியே.

சாலை கிடக்க. வண்டி புறப்பட்டாலன்றோ சாலையைப் பற்றிய கவலை! 1912-ல் ஒரு மோட்டாரைக் கிளப்புவது இக்காலத்தவர் அறியாத ஒரு சாகசம். வண்டியின் முகப்பில் இரும்புக் கைப்பிடியொன்றைச் செருகி, எஞ்சினைக் கையாற் சுழற்றுதல் வேண்டும். முதற்கண் பொறி எழும் காலத்தைப் பின்னுக்குத் தள்ளிவைக்க வேண்டும். மறந்தால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன்னரே பெட்ரோல் ஆவி வெடித்துக் கைப்பிடியை எதிர்ப்புறமாக உதைத்துத் தள்ளும். மணிக்கட்டு முறிந்தோர் அநேகர். ஆதலினால் கட்டைவிரலை ஏனைய விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடித்து, கீழ்நோக்கி அழுத்தாது மேல்நோக்கியே இழுக்க வேண்டும் எனப் பழைய டிரைவர்கள் புதியவர்க்குப் போதிப்பர். இவ்வளவும் செய்தும், மார்கழிப் பனியில் ஈரம் படர்ந்த மாக்னெட்டோ பொறியைத் தராது போகும். அன்றேல் கார்ப்புரேட்டரின் ஊசித்துளையிற் சாலைப் புழுதி அடைத்துக்கொள்ளும். ஏறி அமர்ந்த பிரயாணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பர்.

அதே 1912-ம் ஆண்டிலேதான், கடலுக்கப்பால் அமெரிக்காவில், சார்லஸ் கெட்டரிங் என்னும் எஞ்சினீயர் ஆக்கிய மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் என்னும் மோட்டார் வண்டியில் முதன்முதற் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தது. சிறு மின்மோட்டார் ஒன்று சில நொடிக்குத் தன் ஆற்றலுக்கு மிஞ்சிய பளுவைத் தாங்கும் என்னும் உண்மையே அதன் அடிப்படை. மணிக்கட்டுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் பாட்டரி, சுவிட்சு, தடித்த கம்பி, அவற்றின் முடிச்சுக்கள் எனப் பழுதுபடுதற்குரிய இடங்கள் பல புதியனவாகத் தோன்றின.

இவ்விடத்து நாம் சிறிது விலகிச் செல்வதை வாசகர் பொறுப்பாராக; விலகல்போலத் தோன்றினும் இது நம் சரிதத் தலைவரின் தொழிலுக்கு உயிர்நிலையான செய்தி. ஒருபோதும் கிளம்பாத வண்டி மெக்கானிக்குக்குத் தொல்லையன்று. அது கிளம்பாமையாலேயே தன் குறையைக் காட்டி நிற்கும். சில வேளை கிளம்பியும் சில வேளை கிளம்பாமலும் இருக்கும் வண்டியே அவன் பொறுமையைச் சோதிப்பது. பட்டறைக்குக் கொண்டுவந்தவுடன் அது நல்ல பிள்ளைபோல் முதல் திருப்பிலேயே உறுமும். குறை இல்லை என்று திருப்பி அனுப்பினால், மறுநாள் ஆள் அரவமற்ற இடத்தில் நின்றுவிடும். அட்டவணைப்படி பஸ் ஓட்டும் ஒருவர்க்கு இதனினும் பெரும் பகை வேறில்லை. முழுதும் கெட்ட வண்டிக்குப் பதிலாக வேறொன்றை விடலாம். எப்பொழுது கெடும் என்று தெரியாத வண்டியை நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது.

எமக்கே இவ்வநுபவம் நேர்ந்ததுண்டு. எமது பெட்ரோல் கார் சில மாத காலம் இவ்வாறு எம்மை அலைக்கழித்தது. காலையிற் குறையின்றிக் கிளம்பும். மேலூர்ச் சாலையில் ஒரு கடை வாயிலில் நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால், டிக்கென்று ஓர் ஓசை, அவ்வளவே. மீண்டும் நாலைந்து முறை திருப்பக் கிளம்பிவிடும். முதலில் ஒரு பட்டறையிற் பாட்டரியை மாற்றினர். பின்னர் ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றினர். இரண்டுக்கும் பணம் கொடுத்தோம். நோய் மட்டும் மாறவில்லை. ஒருநாள் வீட்டில் நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட வேளையில் அது மௌனம் சாதித்தபோது, ஆட்டோவை அழைக்க ஓடிய எமக்கு உண்டான தவிப்பை எழுதப் புகவில்லை.

கடைசியாக முதியவரான மெக்கானிக் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு கேள்விகளைக் கேட்டார். குளிர்ந்த நிலையில் நின்றதா, சூடேறிய பின் நின்றதா? மழை நாளா, வெயில் நாளா? நின்ற வேளையில் எஞ்சின் சுழன்றதா, சுழலவே இல்லையா? அப்பால் முன்விளக்கை ஏற்றிவைத்து, வண்டி மறுக்கும்வரை பலமுறை நிறுத்திக் கிளப்பினார். மறுக்கும் நேரத்திற் பிடித்தாலன்றி இக்கள்வன் அகப்படான் என்பது அவர் கொள்கை. சாவியைத் திருப்புகையில் விளக்கு மங்கி அணையும் நிலைக்கு வந்தால், பெரும்பாலும் பாட்டரி சோர்ந்தது, அன்றேல் அதன் முனைகளில் வெண்பூப்புப் படர்ந்து மின்சாரத்தைத் தடுக்கிறது என்று கொள்ளலாம். விளக்கு மங்காமலே ஸ்டார்ட்டர் பேசாதிருந்தால், பாட்டரியைப் பழிப்பதிற் பயனில்லை. ஸ்டார்ட்டருக்குச் செல்லும் வழியிலோ அதனின்றும் திரும்பும் வழியிலோ தடை உண்டு. எஞ்சின் விரைந்து சுழன்றும் பற்றாதாயின், பொறி இல்லை அல்லது பெட்ரோல் இல்லை.

எமது வண்டியில் விளக்கு மங்கவில்லை. உடனே அவர் வோல்ட்டு மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை எஞ்சின் உடலிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். இவ்விரண்டுக்குமிடையே அரை வோல்ட்டுக்கு மேற் காணுதல் ஆகாது. மீட்டரின் முள்ளோ பல வோல்ட்டுக்குப் பாய்ந்தது. எஞ்சினையும் வண்டிச் சட்டத்தையும் இணைக்கும் எர்த்துப் பட்டையின் மரைக்கடியில் துருவும் பெயிண்டும் தங்கியிருந்தன. எஞ்சின் சிறிது அசைந்து நிற்கும் நிலைக்கேற்ப அவ்விணைப்பு ஒருகால் தொட்டும் ஒருகால் தொடாமலும் இருந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினார். வாங்கிய கூலி முன்னைய இரண்டு மாற்றங்களுக்கு நாம் கொடுத்ததிற் சிறு பின்னம். மாற்றுவதற்கு முன் சோதிப்பதும், ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுவதுமே அவர் தொழிலின் இரகசியம்.

வண்டிக்கு வண்டி காரணம் வேறாகும். பழைய வண்டிகளில் இக்னிஷன் காயில் சூடேறியபோது உள்ளே அறுந்து, ஆறியபின் மீண்டும் கூடுவதுண்டு. சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள் ஆவி அடைத்துக்கொள்வது நம் சமவெளியிற் பழக்கமான தொல்லை. இக்காலத்து வண்டிகளிலோ, எஞ்சின் சுழற்சியை அளக்கும் சென்சார் சூட்டில் மயங்குவதும், திருட்டைத் தடுக்கச் சாவியிற் பதித்த சில்லைக் கம்ப்யூட்டர் அறிந்துகொள்ளாது போவதும் சேர்ந்துள்ளன.

நிற்க. சுந்தரம் ஐயங்கார் தாமே வண்டிக்கடியிற் படுத்து இவற்றைச் செய்தார் என நாம் கற்பனை செய்ய வேண்டுவதில்லை. பஸ் ஓட்டுதலோடு அமையாது, பழுதுபார்த்தல், உதிரிச் சாமான் விற்றல், தேய்ந்த டயர்களுக்குப் புது ரப்பர் பூசுதல் என ஒன்றினின்று ஒன்றாக அவர் தொழில் கிளைத்ததை நோக்குமிடத்து, வண்டி நிற்கும் ஒவ்வொரு காரணத்தையும் பின்தொடர்ந்தே அவர் சென்றார் என்பது எமது துணிபு. மதராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் முதலிய ஸ்தாபனங்கள் அவ்வாறு எழுந்தன. பின்னது 1950-களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பெரிய விற்பனையாளராக விளங்கிற்று.

இரண்டாவது உலக யுத்தம் அவருக்கு வந்த பெருஞ் சோதனை. பெட்ரோல் அளந்து கொடுக்கப்பட்டது. பல பஸ்கள் கொட்டகையில் முடங்கின. அப்பொழுது அவர் கம்பெனி டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்னும் சாதனத்தை வகுத்துச் செய்தது. மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் எரியும் வாயு உண்டாகும். அதனைக் குளிர்வித்து, தூசி போக வடித்து, பெட்ரோலுக்குப் பதிலாக எஞ்சினுக்குள் விடுவது அதன் முறை. கேட்க எளிது, கையாளுவது கடினம். காலையிற் கரியை மூட்டித் துருத்தியால் ஊதி, நல்ல வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். கரி நமுத்திருந்தாலும், வடிகட்டி அடைத்திருந்தாலும், குழாயின் இணைப்பில் வெளிக்காற்றுப் புகுந்தாலும் வண்டி கிளம்பாது. கிளம்பினும் ஏற்றத்தில் இளைக்கும். பெட்ரோலின் வலிமை அதற்கில்லை. வாயுவோ கொடிய நஞ்சு. இத்தனை இடர்களோடும் கிராமத்து மக்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போய்வர அது உதவிற்று.

அவர் வீட்டு வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாது விடுதல் தகாது. எம்மளவில், அவர் தொடங்கிய எந்தக் கம்பெனியினும் அது பெரிது. அவருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் ஐந்து புதல்வர், மூன்று புதல்வியர். 1904-ல் பிறந்த சௌந்தரம் அக்கால வழக்கப்படி சிறுபிராயத்திலேயே மணம் செய்விக்கப்பட்டு, டாக்டராயிருந்த கணவரை இளமையிலேயே இழந்தார். வைதிகக் குடும்பத்தில் அத்தகைய பெண்ணுக்கு அந்நாளில் அடுக்களை மூலையே உலகம். சுந்தரம் ஐயங்காரோ மகளைத் தில்லிக்கு அனுப்பி, லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியிற் பயில்வித்தார். உறவினர் வாய்க்கு அஞ்சியிருந்தால் அது நடந்திராது. 1936-ல் அவர் டாக்டர் பட்டத்துடன் வெளிவந்தார். 1940-ல் காந்தியடிகளின் சீடராகிய ஜி. இராமச்சந்திரனை மணந்தார், 1947-ல் அவ்விருவரும் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையிலுள்ள சின்னாளபட்டிக்கருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். டாக்டர் சௌந்தரம் பின்னர் மத்திய அரசாங்கத்திற் கல்வித் துணை மந்திரியாகவும் விளங்கி, 1984-ல் மறைந்தார்.

ஐயங்கார் தம் முதுமையிற் கம்பெனியைப் புதல்வர் கையில் ஒப்புவித்தார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ந் தேதி கோடைக்கானலில் தம் இல்லத்தில் உயிர் நீத்தார். அவருக்குப் பிறகு நிகழ்ந்தவை பல. 1972-ல் பஸ் போக்குவரத்து அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் வசமாயிற்று. கடிகாரம் திருத்த உதவிய பஸ்கள் அத்துடன் பழங்கதையாயின. அதற்கு முன்னரே, 1961-ல், அவர் குடும்பத்தார் இங்கிலாந்து தேசத்து லூகாஸ் கம்பெனியோடு கூடிச் சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலை நிறுவியிருந்தனர். அங்கு ஆக்கப்படும் பொருள்களுள் முதன்மையானது ஸ்டார்ட்டர் மோட்டார்.

எமது காரினின்றும் வீணே கழற்றிய பழைய மோட்டாரை அந்த முதிய மெக்கானிக் பாட்டரியோடு நேரே இணைத்துப் பார்த்தார். தரையில் துள்ளிச் சுழன்றது. மேற்புறத்து எண்ணெய்க் கறையைத் துடைத்தபோது அதன் தகட்டிலும் அந்த மூன்றெழுத்தே காணப்பட்டது.