ஹுன்னஸ்கிரிய மலையடியில் முடிந்த அரசு: நண்பர்களே பகைவரான கண்டியின் கடைசி மன்னன்

கண்டியிலிருந்து தெல்தெனிய ஊடாக மகியங்கனை செல்லும் வீதியில், ஹுன்னஸ்கிரியவை நெருங்கும்போது மெதமஹநுவர என்ற சிற்றூர் வருகிறது. இலங்கையின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18 அன்று பிடிபட்டது இந்தப் பகுதியில்தான். அவனைச் சுற்றிவளைத்தவர்களில் வெள்ளைக்காரரைவிட அவனது பழைய பிரதானிகளின் ஆட்களே முன்னின்றனர்.

மன்னனின் இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழிவந்த குடும்பம். 1739 முதல் கண்டிச் சிம்மாசனத்தில் இருந்தது அந்த வம்சமே. 1798இல் ராஜாதி ராஜசிங்கன் ஆண் வாரிசின்றி இறந்தபோது, முதலாம் அதிகார் பிலிமத்தலாவ பதினெட்டு வயதேயான கண்ணுசாமியை அரசனாக்கினார். இளைஞன் தன் சொற்படி நடப்பான் என்பது அவரது கணக்கு. தனக்கு முடிசூட்டியவர் தன்னைக் காப்பார் என்பது இளைஞனின் நம்பிக்கை. இரண்டும் பொய்த்தன.

ஆள்பதி பிரெட்ரிக் நோர்த்துடன் பிலிமத்தலாவ இரகசியப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். 1803இல் பிரித்தானியப் படை கண்டிக்குள் நுழைந்து, முத்துசாமி என்ற இன்னொரு நாயக்க இளவரசனைச் சிம்மாசனத்தில் அமர்த்தியது. மன்னன் மலைகளுக்குள் பின்வாங்கினான். காய்ச்சலும் பட்டினியும் அந்நியப் படையை உருக்குலைத்தன. ஜூன் மாதத்தில் மேஜர் டேவி சரணடைந்தார். அவரது வீரர்கள் மகாவலிக் கரையில் கொல்லப்பட்டனர். முத்துசாமியும் தப்பவில்லை. அப்போது பீரங்கிகளால் கண்டியைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

போரில் வென்றவன் அரண்மனைக்குள் தோற்கத் தொடங்கினான். சதிக் குற்றச்சாட்டில் பிலிமத்தலாவ 1811இல் கொல்லப்பட்டார். அவரது மருமகன் எஹெலபொல முதலாம் அதிகாரானார். மன்னனுக்கு அடுத்த அதிகாரம் அவர் கையில். ஆனால் மாமனின் மரணம் இருவருக்கும் நடுவில் கிடந்தது. கண்டி வாவியைக் கட்டுவதற்காக மக்களிடம் வாங்கிய கட்டாய உழைப்பும், பிரதானிகளின் அதிகாரத்தை மன்னன் வெட்டிக் குறைத்ததும் அதிருப்தியை வளர்த்தன. கொழும்பிலிருந்த ஜோன் டொயிலி சிங்களம் கற்றவர். ஒற்றர்கள் மூலம் ஒவ்வொரு மனக்கசப்பையும் அறிந்து, பிரதானிகளுக்குக் கடிதம் அனுப்பிக் கொண்டிருந்தார்.

1814இல் சப்ரகமுவவில் எஹெலபொல கிளர்ந்தெழுந்து, தோற்று, பிரித்தானியரிடம் தஞ்சமடைந்தார். மன்னனின் பழிவாங்கல் அவரது வீட்டின் மேல் விழுந்தது. மே மாதத்தில் அவரது மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் கொல்லப்பட்டனர். எந்த அரச காரணமும் இந்தக் கொலைகளை நியாயப்படுத்தாது. அதன்பின் மன்னனுக்காக உயிரைக் கொடுக்க முன்வந்தவர்கள் மிகச் சிலரே.

1815 ஜனவரியில் பிரித்தானியப் படை மீண்டும் புறப்பட்டது. இம்முறை வழிகாட்டியவர் எஹெலபொல. அவருக்குப் பதிலாக முதலாம் அதிகாராகியிருந்த மொல்லிகொடவும் பக்கம் மாறினார். பெரும் சண்டை ஏதுமின்றி பெப்ரவரி 14இல் கண்டி வீழ்ந்தது. தும்பறை மலைகளுக்குள் ஒளிந்த மன்னன் நான்கே நாட்களில் காட்டிக்கொடுக்கப்பட்டு, கயிற்றால் கட்டி இழுத்துவரப்பட்டான்.

மார்ச் 2இல் வாசிக்கப்பட்ட கண்டி ஒப்பந்தம், கொடுங்கோலை மட்டும் குற்றம் சொல்லவில்லை. ‘மலபார்’ இனத்தவருக்கு இனி ஆட்சியுரிமை இல்லை என்றும், வெளியேற்றப்பட்ட மன்னனின் உறவினர் அனுமதியின்றித் திரும்பக் கூடாது என்றும் எழுதியது. அதில் சில பிரதானிகள் தமிழ் எழுத்திலேயே கையொப்பமிட்டார்கள். பதவிப் போட்டியாகத் தொடங்கிய பகை, கடைசியில் பிறப்பின் மீதான தீர்ப்பாக மாறியது. இந்த மாற்றம் நமக்குப் புதிதல்ல.

1816 ஜனவரியில் மன்னன் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டு வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டான். 1832 ஜனவரி 30 அன்று அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் என்ற பெயரில் அவனது நினைவிடம் இருக்கிறது.

முடி தனக்கே வரும் என்று காத்திருந்த எஹெலபொலவுக்கு முடி கிடைக்கவில்லை. 1818 கிளர்ச்சியின்போது சந்தேகத்தின் பேரில் பிரித்தானியரே அவரைக் கைதுசெய்தனர். பின்னர் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829இல் அங்கே இறந்தார். கடலுக்கு அக்கரையில், ஒரே எசமானின் கைதிகளாக, மன்னனும் அமைச்சரும் மூன்று ஆண்டு இடைவெளியில் கண்மூடினர்.

மன்னனின் சிம்மாசனம் 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது. இன்றைய தேசியக் கொடியிலுள்ள வாளேந்திய சிங்கம் அவனது கொடியிலிருந்து எடுக்கப்பட்டது. பிறப்பைக் காரணங்காட்டி விரட்டப்பட்டவனின் கொடிதான் இன்று நாட்டின் அடையாளம். அந்தக் கொடிக்குக் கீழே, இந்த நாட்டுக்கு யார் உரியவர் என்ற கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை.