தேனீயின் நடனத்தை விளங்கிக்கொண்ட கார்ல் வொன் பிரிஷ்

உணவு கிடைத்த இடத்தை நினைவில் வைத்து மீண்டும் அங்கு செல்லும் ஆற்றல் பூச்சியினங்கள் பலவற்றுக்கு உண்டு. தேனீயோ அதற்கும் ஒருபடி மேலே சென்று, அவ்விடம் எத்திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளதென்பதைத் தன் கூட்டத்தாருக்கும் அறிவிக்கின்றது. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய கார்ல் வொன் பிரிஷ், பிறப்பைக் கொண்டு மனிதரை அளந்த ஓர் ஆட்சியின் கீழ் தமது ஆய்வை நடத்த நேர்ந்தவர்.

1886 நவம்பர் 20 ஆம் திகதி வியன்னாவில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், முதலில் மருத்துவம் பயின்று, பின்னர் விலங்கியலுக்கு மாறினார். தேனீக்கள் நிறங்களைப் பிரித்தறியா என்பதே அக்காலத்தில் பிரபல கண் மருத்துவ அறிஞர் ஒருவரின் முடிவாக இருந்தது. இளைஞரான பிரிஷ் பல்வேறு சாம்பல் நிற அட்டைகளுக்கு இடையே ஒரு நீல அட்டையை வைத்து, அதன் மீது மாத்திரம் சீனிப்பாகு வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பின்னர் பாகை அகற்றி, அட்டைகளின் இடத்தை மாற்றிய போதும் அவை நீலத்தையே நாடி வந்தன. 1914 அளவில் அம்முடிவு ஆட்டங்கண்டது.

1920 களில் அவரது கவனம் கூட்டினுள் தேனீக்கள் ஆடும் நடனத்தின் பக்கம் திரும்பியது. வட்ட நடனம் தேனையும், வாலசைத்து ஆடும் நடனம் மகரந்தத்தையும் குறிப்பதாக அவர் அறிவித்தார். அறிவியல் உலகமும் அதனை ஏற்றுக்கொண்டது.

1925 முதல் மியூனிச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பிரிஷுக்கு, 1933 இல் நாஸிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் சோதனைக்காலம் ஆரம்பமாயிற்று. யூத உதவியாளர்களை ஆதரித்தமைக்காக அவர் தூற்றப்பட்டார். தாய்வழிப் பாட்டி யூத வம்சத்தவர் என்பதைக் காரணங்காட்டி, 1941 இல் அவரைப் பதவியிலிருந்து அகற்ற அமைச்சு தீர்மானித்தது. ஆனால், அக்காலத்தில் நொசிமா என்னும் குடல் நோய் இலட்சக்கணக்கான தேனீக் கூட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. மகரந்தச் சேர்க்கை குன்றினால் யுத்தகால உணவு உற்பத்தி பாதிக்கப்படும் என அஞ்சிய ஆட்சியாளர், நோயை ஆராயும் பணியை அவரிடம் ஒப்படைத்து, பதவி நீக்கத்தை யுத்தம் முடியும் வரை ஒத்திவைத்தனர். அவரது தேவை கருதி வழங்கப்பட்ட தவணையே அது, நீதி வழங்கப்படவில்லை.

குண்டுவீச்சினால் மியூனிச்சில் ஆய்வு தடைப்படவே, ஒஸ்ரியாவில் ஏரிக்கரையோரம் இருந்த தமது குடும்ப இல்லத்தில் பணியைத் தொடர்ந்தார். அங்கு 1944 இல் உணவுத் தட்டுகளை வெவ்வேறு தூரங்களில் வைத்துப் பரிசோதித்த போது, இருபது ஆண்டுகளாகத் தாம் கூறிவந்த விளக்கம் தவறெனக் கண்டார். அதனை வெளிப்படையாகத் திருத்தினார். அருகிலுள்ள உணவுக்கு வட்ட நடனம். ஏறக்குறைய நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள உணவுக்கு வாலசைவு நடனம். இருண்ட கூட்டில் செங்குத்தாகத் தொங்கும் வதையில் தேனீ நேர் மேல்நோக்கி ஆடினால் உணவு சூரியன் இருக்கும் திசையில் உள்ளது. வலப்புறம் 60 பாகை சாய்ந்து ஆடினால், சூரியனுக்கு வலப்புறம் 60 பாகையில் உள்ளது. வாலசைவு நீள நீளத் தூரமும் அதிகமாகும்.

இவ்வாய்வில் இலங்கைக்கும் பங்குண்டு. 1950 களின் நடுப்பகுதியில் அவரது மாணவர் மார்ட்டின் லிண்டவர் இங்கு வந்து, மரக்கிளையில் திறந்தவெளியிற் கூடு கட்டும் சிறு தேனீக்களை ஆராய்ந்தார். அவை வதையின் மேற்றளத்தில் நின்று, உணவுள்ள திசையை நேராகவே சுட்டி ஆடுவதை அவர் கண்டார்.

தேனீக்கள் நடனத்தையன்றி மணத்தையே பின்பற்றுகின்றன என 1960 களில் அமெரிக்காவில் எழுந்த மறுப்பையும் பிரிஷ் எதிர்கொண்டார். 1973 இல் மருத்துவத்துக்கான நொபெல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் வழங்கப்பட்டது. 1982 ஜூன் 12 ஆம் திகதி மியூனிச்சில் காலமானார். நடனத்தைப் பின்பற்றிய தேனீக்கள் அது சுட்டிய திசையிலேயே பறப்பதை 2005 இல் வெளியான ராடர் ஆய்வு உறுதிப்படுத்தியது.

1941 இன் தீர்மானம் உடனே நிறைவேறியிருப்பின், தமது தவறைத் திருத்தும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியிருக்குமா என்பது ஐயமே. தேனீக்களுக்கு வந்த நோய் ஓர் அறிஞரைக் காத்தது. அத்தகைய தற்செயல் வாய்க்காது, பிறப்பின் பெயரால் விரட்டப்பட்ட ஆசிரியர்கள் எத்தனையோ பேர். அவர்களோடு அழிந்த அறிவு எவ்வளவு என்பதைக் கணக்கிட எவராலும் இயலாது.